முதல் ஹிப் ஹாப் பீட் போடப்போறீங்களா? சத்தம் எடுக்குறதுலேர்ந்து கையெழுத்து வாங்குற வரைக்கும்

பீட் போடுறது எப்படின்னு தேடினா வீடியோ கொட்டிக் கிடக்கு. ஒரு லூப்பை இழுத்துப் போடு, மேல டிரம்ஸ் வை, முடிஞ்சுது. ஆனா அந்த பீட்டை ஒரு ராப்பர் எடுத்து, பாடி, ரிலீஸுக்கு அனுப்புன அப்புறம் என்ன நடக்கும்னு அந்த வீடியோல யாரும் சொல்றதில்ல. எங்க பாட்டு ஒண்ணு முழுசா ரெடி ஆகி, தேதி அறிவிச்சு, போஸ்டரும் போட்ட அப்புறம், பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் மாதிரி இடத்துல ஏத்தி விடுற டிஸ்ட்ரிபியூட்டர்ட்டேர்ந்து மெயில் வந்துச்சு, இந்த மெலடி எங்கேந்து எடுத்தீங்க, லைசென்ஸ் காட்டுங்கன்னு. சவுண்டு எல்லாம் முறையா வாங்குனதுதான், ஆனா எந்த ஃபைல் எந்த பேக்குலேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பிடிச்சு ஒவ்வொண்ணா அனுப்பி அவங்க ஒத்துக்கிறதுக்குள்ள சொன்ன தேதி போயிருச்சு, ராப்பர் தம்பி முகத்தைப் பாக்க முடியல.

அதனால இங்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு போறேன். ஒரிஜினல் பீட்னா, உள்ள இருக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊர் பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், யார் கேட்டாலும் காட்டணும். இதை முதல் நாளே பழக்கிட்டா பின்னாடி வர்ற பாதி தலைவலி வராது. லேப்டாப்போ நல்ல போனோ இருக்கு, பீட் போட ஆசை இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலங்கிறவங்களுக்காக எழுதுறேன்.

1. எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது

சாஃப்ட்வேர்லேர்ந்து ஆரம்பிப்போம். காசே இல்லன்னா பேண்ட்லேப், போன்லயும் பிரவுசர்லயும் ஓடும், ஃப்ரீ. ஐபோனோ மேக்கோ இருந்தா கராஜ்பேண்ட் ஃப்ரீயா வரும். விண்டோஸ் லேப்டாப்னா ரீப்பர் நல்ல சாய்ஸ், 60 நாள் முழு வசதியோட ட்ரையல் பாக்கலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், நம்ம காசுக்கு சுமாரா அஞ்சாயிரத்துச் சொச்சம். நம்ம பக்கம் நிறைய பேர் எஃப்எல் ஸ்டூடியோதான் யூஸ் பண்றாங்க, டிரம்ஸ் போட அது ரொம்ப சுலபம், ஒரு தடவை வாங்கிட்டா வாழ்நாள் முழுக்க அப்டேட் ஃப்ரீ.

எஃப்எல்ல ரெண்டு பொறி இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. ட்ரையல் வெர்ஷன்ல ப்ராஜெக்டை சேவ் பண்ணலாம், ஆனா மறுபடி திறக்க முடியாது, லைசென்ஸ் வாங்குனாதான் திறக்கும். அதனால ட்ரையல்ல வேலை பாத்தா அன்னிக்கே வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணிருங்க. ரெண்டாவது, விலை கம்மின்னு ஃப்ரூட்டி எடிஷன் வாங்கிடாதீங்க, குரல், வெளியில எடுத்த சத்தம் வச்சு பாக்குற வேலைக்கான பல வசதி ப்ரொட்யூசர் எடிஷன்லதான் இருக்கு. காசு சேர்த்து நேரா அதையே வாங்குங்க.

க்ராக் வெர்ஷன் பத்தி நீட்டி சொல்லல. வைரஸ் வரும், ப்ராஜெக்ட் போகும், நாளைக்கு ஒரு படத்துக்கோ விளம்பரத்துக்கோ பீட் கேட்டு பில் கேக்கும்போது தலை குனிஞ்சு நிக்கணும்.

ஹார்டுவேர்ல முதல் செலவு ஹெட்போன், அதுலயும் வயர் வச்சது, ஏன்னா ப்ளூடூத்ல சத்தம் லேட்டா வரும், கீ அடிச்ச அப்புறம் கேக்கும், டைமிங்கே வராது. நாலஞ்சாயிரத்துல ஸ்டூடியோ ஹெட்போன் கிடைக்குது, பேஸ் பூஸ்ட் பண்ற மாடல் வேணாம், அதுல மிக்ஸ் பண்ணா வெளியில கேக்கும்போது பேஸே இருக்காது. அடுத்தது 25 கீ வச்ச சின்ன மிடி கீபோர்டு, அதாவது லேப்டாப்ல சொருகி அதுல இருக்கிற சத்தத்தை வாசிக்கிற கீபோர்டு, அஞ்சுலேர்ந்து பத்தாயிரம், பல மாடல் கூட ஏபிள்டன் லைவ் லைட் மாதிரி ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா வரும், பாக்ஸ்ல இருக்கிற ஆக்டிவேஷன் கோட் தாளைத் தூக்கிப் போட்டுறாதீங்க. மைக்கை லேப்டாப்போட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் மூணாவதுதான், முதல் சில மாசத்துக்கு போன் ரெக்கார்டரே போதும். ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டவே வேணாம், சின்ன ரூம்ல வச்சா ரூம் சத்தம்தான் கேக்கும்.

லேப்டாப்ல 8 ஜிபி ரேம் குறைஞ்சபட்சம், 16 இருந்தா நிம்மதி, எஸ்எஸ்டி கண்டிப்பா. கீ அடிச்சா சத்தம் தாமதமா வருதுன்னா சாஃப்ட்வேர் செட்டிங்ல பஃபர் சைஸைப் பாருங்க, சத்தத்தை எவ்ளோ சேர்த்து வச்சு வெளிய விடுதுங்கிற அளவு அது: வாசிக்கும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 128னா சுமார் 3 மில்லிசெகண்ட், 1024னா 23 மில்லிசெகண்ட், வித்தியாசம் கைக்கே தெரியும்.

2. ஒரு கணக்கு ஷீட் திறங்க, முதல் சத்தம் போடுறதுக்கு முன்னாடி

எக்செல்லோ கூகுள் ஷீட்டோ நோட்டுப் புத்தகமோ எதுவா இருந்தாலும் சரி. பீட் பேரு, சத்தத்தோட பேரு, எங்கேந்து வந்துச்சு, எந்த தேதி, என்ன லைசென்ஸ், ஸ்க்ரீன்ஷாட் எங்க இருக்கு, இவ்ளோதான். ஒரு சத்தத்துக்கு அரை நிமிஷம் ஆகும். அந்த மெயில் வந்தப்போ இது இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரியே பதில் போயிருக்கும்.

சத்தம் வர்ற வழி நாலு. நீங்களே எடுத்தது, அது உங்களோடது. சாஃப்ட்வேர் சிந்தசைசர்ல நீங்க வாசிச்சது, அதுவும் உங்களோடது, வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி மாதிரி ஃப்ரீ சிந்த்லயே வருஷக்கணக்கா ஓட்டலாம். மூணாவது ராயல்டி ஃப்ரீ பேக், அதாவது காசு கட்டி எடுத்துட்டா பாட்டு வருமானத்துல பங்கு கேக்காத சவுண்டு தொகுப்பு. ஸ்ப்ளைஸ் மாதிரி இடத்துல சந்தா கட்டி எடுத்தது சந்தா நின்ன அப்புறமும் நீங்க யூஸ் பண்ணலாம், ஆனா அதே லூப்பை உலகம் முழுக்க யார் வேணா எடுப்பாங்க, அது உங்களுக்கு மட்டும் சொந்தம் கிடையாது. நாலாவது அடுத்தவங்க பாட்டுலேர்ந்து வெட்டுறது, அதுக்கு கீழ தனியா வர்றேன்.

ஃப்ரீசவுண்ட் வெப்சைட்ல எடுக்குறீங்கன்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் லைசென்ஸ் வேற வேற. சிசி ஜீரோன்னா எதுக்கு வேணா யூஸ் பண்ணலாம், பை (BY) போட்டிருந்தா எடுத்தவர் பேரைச் சொல்லணும், என்சி (NC) இருந்தா வியாபாரத்துக்கு ஆகாது, அதை விக்கிற பீட்ல வைக்கவே கூடாது. "ஃப்ரீ டிரம் கிட்"னு டிரைவ் லிங்க்ல சுத்துறது பலதும் யாரோட பாட்டுலேர்ந்தோ பேக்குலேர்ந்தோ உருவுனது, யார் எடுத்தாங்கன்னு எழுதலன்னா விட்டுருங்க. ஏஐ டூல்ல பட்டன் அழுத்தி எடுக்குற மெலடியும் இதே கதைதான், ஃப்ரீ பிளான்ல வர்றதை வியாபாரத்துக்கு பல டூல் விடாது, கண்டிஷனைப் படிங்க.

3. நம்ம சத்தத்தை நாமே எடுக்கலாம்

இந்த வழிகாட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். எல்லாரும் ஒரே ட்ராப் கிட் வச்சு அடிக்கும்போது உங்க பீட் தனியா தெரியணும்னா உங்க தெருவுல கேக்குற சத்தம் உள்ள வரணும். எவர்சில்வர் குடத்தைத் தட்டுனா நல்ல ஒரு பெர்க்கஷன், ஷட்டர் இழுக்குற சத்தம் ரிவர்ஸ் பண்ணா அருமையான ரைசர், அதாவது ஏறிட்டே வர்ற சத்தம், பூட்டு சாவி குலுக்குனா ஹாய்-ஹேட், தீப்பெட்டி உரசுறதை ஸ்னேர் மேல மெல்லிசா வச்சா அந்த ஸ்னேர்க்கே ஒரு உசுரு வரும். போனை சத்தத்துக்கு நேரா நீட்டாம கொஞ்சம் சாய்ச்சு, ஒரு முழம் தள்ளி வைங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க, ஒரே சத்தத்தை மெதுவா, நடுத்தரமா, பலமான்னு பல தடவை எடுங்க. ஒவ்வொரு அடிக்கும் லேசா வேற சாம்பிள் வந்தாதான் மனுஷன் அடிச்ச மாதிரி இருக்கும்.

பறை எடுக்கணும்னா வாசிக்கத் தெரிஞ்சவர்ட்ட போங்க, ஆன்லைன் பேக் வேணாம். தோலை நெருப்புல காய்ச்சுன உடனே சத்தம் டைட்டா இருக்கும், நேரம் ஆக ஆக தொய்யும், அதனால மைக், லெவல் எல்லாம் முதல்லயே ரெடி பண்ணிட்டு அப்புறம் காய்ச்சச் சொல்லுங்க. அடிக்குச்சி (குட்டையான தடிச்ச குச்சி) அடியைத் தனியா, சிண்டுக்குச்சி (நீளமான மெல்லிசு குச்சி) அடியைத் தனியா, அப்புறம் ரெண்டும் சேர்ந்த அடியை டிக் டிக்னு தாளம் காட்டுற க்ளிக் டிராக்கோட கொஞ்ச நேரம், இப்படி மூணு விதமா எடுங்க. சிண்டுக்குச்சி சத்தத்தை ஹாய்-ஹேட் இடத்துல வச்சுப் பாருங்க, எந்த கிட்லயும் அது கிடைக்காது. உடுக்கை, தவில், உறுமியையும் வாசிக்கத் தெரிஞ்சவரை வச்சு, ஒவ்வொரு அடியையும் தனித்தனியா எடுங்க. உறுமியோட இழுவை சத்தம் 808ங்கிற ஆழமான எலக்ட்ரானிக் பேஸ் பக்கத்துல நல்லா உக்காரும்.

வாசிச்சவருக்கு அன்னிக்கே காசு குடுங்க, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடாதீங்க. நம்ம சட்டத்துல பெர்ஃபார்மர்ஸ் ரைட்னு ஒண்ணு இருக்கு, வாசிச்சவருக்கு தன்னோட வாசிப்பு மேல 50 வருஷம் உரிமை உண்டு. அதனால ஒரு தாள்ல, இந்த தேதி, இந்த இடத்துல நான் வாசிச்சதை இன்னாரோட பீட்கள்ல யூஸ் பண்ணிக்கலாம், இவ்வளவு தொகை வாங்குனேன், பேர் போடணும், இப்படித் தமிழ்லயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வச்சுக்கோங்க. பெரியவரா இருந்தா படிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க. பேர் போடறேன்னு சொன்னா போடுங்க.

4. டெம்போவும் டிரம்ஸும்

ராப்பர்ட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த வேகத்துல பாடுவீங்க, எந்த சுருதி குரலுக்கு ஒத்து வரும். இதைக் கேக்காம போட்ட பீட் நிறைய ஹார்ட் டிஸ்க்லயே கிடக்கும்.

ஹிப் ஹாப்ல பூம் பாப், ட்ராப், டிரில்னு வகை இருக்கு. பூம் பாப்னா 85லேர்ந்து 95 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு இத்தனை எண்ணிக்கை. ட்ராப்னா 130லேர்ந்து 150, ஆனா கேக்க அதுல பாதி வேகம் மாதிரிதான் இருக்கும். டிரில்னா 140 பக்கம். ஒரு பாரை, அதாவது நாலு எண்ணிக்கை உள்ள ஒரு சுத்தை, 16 கட்டமா பிரிச்சுப் பாத்தா பூம் பாப்ல ஸ்னேர் (சுளீர்னு விழுற அடி) 5லயும் 13லயும், கிக் (தம்முன்னு விழுற அடி) 1, 8, 11ல வச்சு ஆரம்பிங்க. ட்ராப்ல ஸ்னேர் 9ல மட்டும். டிரில்ல ஹாய்-ஹேட்டை 3-3-2ன்னு பிரிச்சு, ஸ்னேரை முதல் பார்ல மூணாவது எண்ணிக்கையில, அடுத்த பார்ல நாலாவது எண்ணிக்கையில வைங்க. இது ஆரம்பப் புள்ளிதான், இங்கேந்து கிக்கை நகத்தி நகத்திப் பாத்துதான் உங்க நடை வரும்.

எல்லா அடியும் கட்டத்துல சரியா உக்காந்தா மெஷின் மாதிரி இருக்கும். ஸ்விங், அதாவது ஒண்ணு விட்டு ஒரு அடியைக் கொஞ்சம் தாமதமா தள்ளுற செட்டிங், 54லேர்ந்து 58 சதவீதம் வச்சுப் பாருங்க, ஸ்னேரை ஒரு 10 மில்லிசெகண்ட் பின்னாடி இழுங்க, ஹாய்-ஹேட் ஒவ்வொண்ணுக்கும் வெலாசிட்டி, அதாவது அடியோட பலத்தை, ஏத்தி இறக்குங்க. கைல தட்டி வாசிக்கிற பேட் இருந்தா மவுஸ்ல வரையாம அடிச்சே ரெக்கார்ட் பண்ணுங்க, தப்புனதை மட்டும் திருத்துங்க.

நம்ம குத்து, கானா நடை பலதும் ஆறு எட்டு நடை, மூணு மூணா போறது. அதை நாலுக்கு நாலு பீட்ல கொண்டு வரணும்னா கிரிட்டை ட்ரிப்ளெட்டுக்கு மாத்துங்க, டெம்போவை மாத்த வேணாம். கிக், ஸ்னேர் நேரா இருக்கட்டும், பறையும் ஹாய்-ஹேட்டும் மட்டும் திஸ்ரத்துல போகட்டும். ட்ராப் ஹாய்-ஹேட் ரோல்ல இருக்கிற ட்ரிப்ளெட்டும் இதுவும் ஒண்ணா உக்காரும்போது கேக்குறவங்க தலை தானா ஆடும், அதுக்கு நான் உத்தரவாதம்.

5. 808 பேஸ்

புதுசா வர்றவங்க பீட் கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான், அதனால நிதானமா படிங்க. 808ங்கிறது சுருதி உள்ள சத்தம், பீட்டோட ஸ்கேலுக்கு அதை ட்யூன் பண்ணியே ஆகணும். சாம்பிளோட ரூட் நோட்டை, அதாவது அதோட அடிப்படை சுருதியை, ட்யூனர் வச்சு பாத்து சாம்ப்ளர்ல சரியா செட் பண்ணுங்க, பேக்ல பேர்ல போட்டிருக்கிற நோட்டை அப்படியே நம்பாதீங்க. எஃப்லேர்ந்து ஏ வரைக்கும் உள்ள கீழ் நோட்டு, அதாவது 44லேர்ந்து 55 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஸ்பீக்கர்ல நல்லா உக்காரும். அதுக்கும் கீழ போனா ஹெட்போன்ல அதிரும், ஆட்டோ ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்காது.

போன் ஸ்பீக்கருக்கு அந்த ஹெர்ட்ஸ் எல்லாம் எட்டவே எட்டாது. அதனால 808 மேல சத்தத்தை லேசா கரகரப்பாக்குற சாச்சுரேஷன் கொஞ்சம் போட்டு மேல் ஹார்மோனிக்ஸை வரவழைங்க, அப்போதான் போன்லயும் பேஸ் இருக்கிற உணர்வு வரும், நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் போன்லதான் கேக்குறாங்க. ஒரு நோட்டு முடியுறதுக்கு முன்னாடி அடுத்தது வந்து ரெண்டும் மேல விழாம கட் செட்டிங் போடுங்க. 808 மோனோவா, ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி, இருக்கட்டும். கிக்கும் 808ம் ஒரே நேரத்துல வந்தா சைட்செயின் போட்டு கிக் அடிக்கும்போது 808 லேசா அடங்குற மாதிரி வைங்க, இல்ல கிக்கை எடுத்துட்டு 808ஐயே கிக்கா விடுங்க. மத்த வாத்தியம் எல்லாத்துலயும் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிருங்க.

6. மெலடி

ம்யூசிக் தியரி தெரியாதுன்னு பயப்பட வேணாம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதுல விழுந்திருந்தா உங்களுக்கு ஏற்கனவே தெரியும். நேச்சுரல் மைனர் ஸ்கேல்னு சொல்றது நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி, டிரில்ல வர்ற அந்த இருட்டான ஃப்ரிஜியன் ஸ்கேல் நம்ம தோடியோட ஸ்வரங்கள், மைனர் பென்டடோனிக் சுத்த தன்யாசி. கமகம் இல்லாம வெறும் ஸ்வரமா வாசிச்சா ராகம் முழுசா வராது, உண்மைதான், ஆனா பீட்டுக்கு ஸ்வரம் போதும், கமகம் வேணும்னா பிட்ச் பெண்ட் வீலை சுத்தித் தேடுங்க, அழகா வரும்.

நாலு பார்ல ஒரு சின்ன ஃப்ரேஸ், அஞ்சாறு நோட்டுக்கு மேல வேணாம். ராப்பர் வாய் நிறைய வார்த்தை வச்சிருப்பார், மெலடியும் நிறைய பேசுனா ரெண்டும் அடிச்சுக்கும். ஒரு சோதனை சொல்றேன்: பீட்டை ஓட விட்டு நீங்களே சும்மா பேசிப் பாருங்க, செய்தி வாசிச்சாக் கூட போதும், பேச்சு கேக்கலன்னா மெலடியை ஒரு ஆக்டேவ் மேலயோ கீழயோ தள்ளுங்க.

பழைய சினிமாப் பாட்டுலேர்ந்து ஒரு துண்டு வெட்டணும்னு எல்லாருக்கும் ஆசை வரும். அதுல ரெண்டு உரிமை இருக்கு. ஒலிப்பதிவு ஒருத்தர்ட்ட, பெரும்பாலும் ஆடியோ கம்பெனி. இசையும் வரியும் தனி, அது இசையமைப்பாளர், கவிஞர் இல்ல பப்ளிஷர்ட்ட. ரெண்டு பக்கமும் அனுமதி வேணும். ஒலிப்பதிவு உரிமை 60 வருஷம், அதனால 1960ல வந்த ரெக்கார்டோட அந்த உரிமை 2020 கடைசியோட முடிஞ்சுது, ஆனா இசைக்கும் வரிக்கும் எழுதுனவர் ஆயுளுக்கு அப்புறமும் 60 வருஷம், அது பெரும்பாலும் இன்னும் உயிரோட இருக்கும். "7 செகண்டுக்குள்ள எடுத்தா தப்பில்ல"ன்னு ஒரு பேச்சு சுத்துது, அப்படி ஒரு விதி சட்டத்துல கிடையாது. பிட்ச் மாத்துனா, ரிவர்ஸ் பண்ணா தப்பிச்சிரலாம்ங்கிறதும் நம்பாதீங்க. நாட்டுப்புற மெட்டுன்னா, காலம் காலமா பாடுறதை நீங்களே பாடி எடுக்கலாம், ஆனா ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி வெளியிட்ட கேசட்டையோ யூடியூப் வீடியோவையோ வெட்டுனா அது அவங்க ஒலிப்பதிவு.

7. அமைப்பு

90 பிபிஎம்ல ஒரு பார் சுமார் 2.67 செகண்ட். ஹூக்னா திரும்பத் திரும்ப வர்ற பல்லவி, வெர்ஸ்னா ராப்பர் வரி பாடுற பகுதி. இன்ட்ரோ 4 பார், ஹூக் 8, வெர்ஸ் 16, ஹூக் 8, வெர்ஸ் 16, ஹூக் 8, அவுட்ரோ 4, மொத்தம் 64 பார், 2 நிமிஷம் 51 செகண்ட் வரும். இதுக்கு மேல நீட்ட வேணாம். வெர்ஸ்ல பாதி வாத்தியத்தை எடுத்துருங்க, எட்டாவது பார் கடைசியில ஒரு எண்ணிக்கை முழு அமைதி விடுங்க, அந்த இடத்துல ராப்பர் போடுற வரி நச்சுன்னு விழும்.

8. மிக்ஸும் ஃபைலும்

எல்லா சத்தமும் சேர்ந்து வெளிய வர்ற மாஸ்டர் சேனல் மேல லிமிட்டர் போட்டு நசுக்கி அனுப்பாதீங்க. குரல் வைக்க இடம் வேணும், பீக், அதாவது உச்ச சத்தம், மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிக்கட்டும், 1லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கூட்டமா இருந்தா அங்க கொஞ்சம் குறைங்க. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்க்கு (காதுக்குக் கேக்குற சத்தத்தோட அளவு) சத்தத்தை சமன் பண்ணும்ங்கிறது முழுப் பாட்டை மாஸ்டர் பண்றவர் பாத்துக்க வேண்டிய கணக்கு, பீட் போடும்போது அதைத் துரத்தாதீங்க. போன்ல, இயர்போன்ல, முடிஞ்சா ஒரு கார்ல கேட்டுப் பாருங்க, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து காலைல மறுபடி கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்த மிக்ஸ் முடிவை அப்படியே அனுப்பிடக் கூடாது.

எக்ஸ்போர்ட் 24 பிட் வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஸ்டெம்ஸ், அதாவது வாத்தியம் வாத்தியமா பிரிச்ச தனித்தனி ஃபைல், ஒவ்வொண்ணும் முதல் பார்லேர்ந்தே ஆரம்பிக்கணும், பறை நாப்பதாவது பார்ல வந்தாலும் ஃபைல் முதல்லேர்ந்து ஓடணும், இல்லன்னா அந்தப் பக்கம் மிக்ஸ் இன்ஜினியர் ஒவ்வொண்ணா பொருத்தி அழுவார். ஃபைல் பேர்ல பீட் பேரு, பிபிஎம், ஸ்கேல், வெர்ஷன் நம்பர் நாலும் இருக்கணும். "ஃபைனல்", "புது ஃபைனல்"னு எல்லாம் பேர் வைக்காதீங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டர் ரெண்டு இடத்துல இருக்கட்டும், ஒண்ணு ஆன்லைன் டிரைவ். அந்த தேதி போட்ட ப்ராஜெக்ட் ஃபைல்தான் நாளைக்கு இது என் பீட்னு காட்ட உங்ககிட்ட இருக்கிற முதல் ஆதாரம்.

9. யாருக்கு என்ன குடுக்குறீங்கன்னு எழுதுங்க

பழகுன பையன்தானேன்னு வாட்ஸ்அப்ல "எடுத்துக்கோ ப்ரோ"ன்னு அனுப்புறதுதான் நம்ம ஊர்ல நடக்குது. பாட்டு ஓடலன்னா ஒரு பிரச்சனையும் இல்ல, ஓடுச்சுன்னா அன்னிக்குத்தான் சண்டை.

குடுக்குறது ரெண்டு வகை. லீஸ்னா பீட் உங்களோடதாவே இருக்கும், அவர் யூஸ் பண்ணிக்கலாம், நீங்க வேற ஆளுக்கும் குடுக்கலாம். எக்ஸ்க்ளூசிவ்னா அவருக்கு மட்டும். எக்ஸ்க்ளூசிவ் குடுக்கறதுக்கு முன்னாடி ஏற்கனவே யாருக்கெல்லாம் லீஸ் குடுத்திருக்கீங்கன்னு அவர்ட்ட சொல்லியே ஆகணும்.

நம்ம காப்பிரைட் சட்டம், 1957ல வந்தது, அதோட 19வது பிரிவை ஒரு தடவை படிங்க, ரெண்டு பக்கம் கூட வராது. உரிமையை எழுதிக் குடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாதான் செல்லும். எத்தனை வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும். எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும். வாங்குனவர் ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையை யூஸ் பண்ணலன்னா, வேற மாதிரி எழுதாத பட்சத்துல, அது உங்களுக்கே திரும்பிரும். யாராவது "எல்லா உரிமையும், நிரந்தரமா, உலகம் முழுக்க"ன்னு தாள் நீட்டுனா ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை கேளுங்க.

ஒரு பக்கம் போதும்: பீட் பேரு, ரெண்டு பேரோட முழுப் பேரு, தொகை, லீஸா எக்ஸ்க்ளூசிவா, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, பேர் எப்படிப் போடணும், பாட்டோட இசை உரிமையில யாருக்கு எத்தனை சதவீதம். கடைசி வரியை விட்டுறாதீங்க. பாதி காசு முன்னாடி, மீதி ஸ்டெம்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி. கேக்க அனுப்புறப்போ நடுவுல உங்க பேர் சொல்ற டேக் போட்ட எம்பி3 மட்டும்.

10. ரெஜிஸ்ட்ரேஷன்

பீட்டை உருவாக்குன உடனே உரிமை உங்களுக்கு வந்துருது, பதிவு கட்டாயம் இல்ல. ஆனா கோர்ட்டுக்குப் போனா பதிவேடு முதல்நிலை ஆதாரமா நிக்கும். எல்லா பீட்டுக்கும் பண்ண வேணாம், நல்ல காசு வர வாய்ப்பிருக்கிறதுக்கு மட்டும் பண்ணுங்க.

காப்பிரைட் ஆபீஸ் வெப்சைட்லயே படிவம் 14 நிரப்பலாம். மியூசிக்கல் வொர்க்னு போட்டா ஒண்ணுக்கு 500 ரூபாய், சவுண்ட் ரெக்கார்டிங்னு போட்டா 2000 ரூபாய், இது ரெண்டும் வேற வேறங்கிறதுதான் எல்லாரும் குழம்புற இடம். மியூசிக்கல் வொர்க்குக்கு நோட்டேஷனையும் தயாரா வச்சுக்கோங்க, மிடி ஃபைலை ம்யூஸ்ஸ்கோர்ல திறந்தா ஸ்டாஃப் நோட்டேஷனா பிடிஎஃப் எடுத்துரலாம், ஃப்ரீதான். கூட வாசிச்சவங்க, சேர்ந்து போட்டவங்க இருந்தா அவங்க என்ஓசி வேணும், மூணாவது படியில வாங்குன தாள் இங்க உதவும். காசு கட்டுனா டைரி நம்பர் வரும், அதுக்கப்புறம் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருப்பு, பிறகுதான் பரிசீலனை. சர்டிஃபிகேட் கைக்கு வர மாசக்கணக்குல ஆகும், ரிலீஸ் தேதியை அதை நம்பி வைக்காதீங்க. மெயில்ல விளக்கம் கேட்டா கெடு முடியறதுக்குள்ள பதில் போடுங்க, ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்க.

பாட்டு வெளிய வந்த அப்புறம், இசை போட்டவங்களுக்கும் வரி எழுதுனவங்களுக்கும் ராயல்டி வசூலிச்சுத் தர்ற ஐபிஆர்எஸ் அமைப்புல கம்போசரா சேருங்க. பீட் போட்டவர் கம்போசர், வரி எழுதுனவர் ஆத்தர், ரெண்டு பேரும் தனித்தனியா சேரணும். பான், ஆதார், கேன்சல் பண்ண செக், வெளியான பாட்டோட விவரம், இதெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, எல்லாத்துலயும் பேர் ஸ்பெல்லிங் ஒரே மாதிரி இருக்கணும், இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறுனாக்கூட இழுத்தடிக்கும்.

11. காசு வர்ற வழி

உள்ளூர்னா யூபிஐ, ஒரு வரி பில்லோட. வெளிநாட்டுல பீட்ஸ்டார்ஸ் மாதிரி இடத்துல வித்தா பேபால்ல வரும், அதுக்கு பான் வேணும், காசு எதுக்கு வருதுன்னு சொல்ற பர்ப்பஸ் கோட் கேக்கும், வந்த காசு பேங்குக்கு தானா போயிரும். இந்தியாவுக்குள்ள ஆளுக்கு ஆள் அனுப்ப பேபால் 2021 ஏப்ரல்லேர்ந்து கிடையாது, சென்னை ராப்பர்ட்ட பேபால் லிங்க் அனுப்பிட்டு காத்திருக்காதீங்க.

கம்பெனி யாராவது காசு குடுத்தா வரம்பைத் தாண்டும்போது பொதுவா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க, பான் குடுக்கலன்னா 20. உங்களுக்கு வர்ற வரியை விட அதிகமா பிடிச்சிருந்தா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம், அதனால வருமானம் கம்மியா இருந்தாலும் ரிட்டர்ன் போடுங்க. யூடியூப்ல அமெரிக்க டேக்ஸ் ஃபார்ம் கேக்கும், டபிள்யூ-8 பென். அதுல இந்தியான்னு போட்டு வரி ஒப்பந்த சலுகையை டிக் பண்ணா அமெரிக்காவுல பாத்ததுலேர்ந்து வர்ற காசுக்கு 15 சதவீதம், பண்ணலன்னா 30 வரைக்கும் போகும். ரெண்டு நிமிஷ வேலை, நிறைய பேர் விட்டுடுறாங்க.

12. க்ளெய்ம் வந்தா

ராயல்டி ஃப்ரீ லூப் இருக்கிற பாட்டை டிஸ்ட்ரிபியூட்டர் ஃபார்ம்ல கன்டென்ட் ஐடிக்கு, அதாவது யூடியூப்ல உங்க சத்தம் எங்க வந்தாலும் தானா கண்டுபிடிச்சு உங்க பேர்ல உரிமை கேக்குற (க்ளெய்ம்) வசதிக்கு, டிக் பண்ணாதீங்க. அதே லூப் வச்ச அடுத்தவங்க வீடியோ எல்லாத்துக்கும் உங்க பேர்ல க்ளெய்ம் போகும், அக்கவுண்டையே நிறுத்திருவாங்க. எல்லாம் நீங்களே வாசிச்சதுன்னா தாராளமா டிக் பண்ணலாம்.

யாரோ அப்படி டிக் பண்ணி உங்க வீடியோ மேல க்ளெய்ம் விழுந்தா பதறாதீங்க, க்ளெய்ம் வேற, சேனல் மேல விழுற எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேற. ரெண்டாவது படியில போட்ட ஷீட்டைத் திறந்து அந்த லூப் எங்க வாங்குனது, தேதி, லைசென்ஸ் விவரம் எல்லாம் எழுதி டிஸ்ப்யூட் போடுங்க. அவங்களுக்கு 30 நாள் டைம், பதில் சொல்லலன்னா க்ளெய்ம் தானா விழுந்துரும். அவங்க மறுத்தா அப்பீல் போகலாம், அதுக்கு அவங்க பதில் சொல்ல 7 நாள். ஆனா அப்பீல்ல அவங்க டேக்டவுன் கேட்டாங்கன்னா ஸ்ட்ரைக் வரலாம், 90 நாளுக்குள்ள 3 ஸ்ட்ரைக்னா சேனலே போயிரும், அதனால கைல லைசென்ஸ் பேப்பர் இருந்தா மட்டும் அப்பீல் பட்டனை அழுத்துங்க.